உங்கள் ஊர்க் கணக்கு உங்கள் கையில்

கிராம சபையில் பேருந்தோ, கால்நடை மருந்தகமோ, ஏரி தூர்வாருதலோ கேட்கும்போது மனுவில் ஊரின் புள்ளிவிவரமும் இருந்தால் வலு கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமவாரி விவரங்களை 'சென்சஸ் இந்தியா' இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்யலாம். கைப்பேசியில் முடியாதவர்கள் இ-சேவை மையத்தையோ படித்த பிள்ளைகளையோ நாடலாம்.

என்ன கிடைக்கும்?

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்தின் குடும்பங்கள், எழுத்தறிவு பெற்றோர், சாகுபடியாளர், விவசாயக் கூலிகள் எண்ணிக்கை இருக்கும். பள்ளி, குடிநீர், சாலை வசதிகளும், கிணறு, ஏரி, கால்வாய்ப் பாசனப் பரப்பும் தனித்தனியே இருக்கும்.

தேடும்போது கவனிக்க

* பட்டாவில் உள்ள வருவாய் கிராமப் பெயரில் தேடுங்கள். குக்கிராமத்துக்குத் தனிக் கணக்கு இருக்காது.
* பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்து மாறியிருந்தால் வட்டத்தின் பட்டியலை முழுவதும் பாருங்கள்.
* 2011இல் இருந்த மாவட்டத்தில் தேட வேண்டும். தென்காசி விவரம் திருநெல்வேலியிலும், கள்ளக்குறிச்சி விவரம் விழுப்புரத்திலும், மயிலாடுதுறை விவரம் நாகப்பட்டினத்திலும் இருக்கும்.
* தனிநபர் விவரம் கிடைக்காது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இரகசியம்.

2027 கணக்கெடுப்பில்

குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோரும் 2011 கணக்கெடுப்பில் சாகுபடியாளர்களே. சொந்த வயலில் நாற்று நட்டு, களை எடுக்கும் பெண்ணை 'வீட்டு வேலை' என்று சொல்லிவிட்டால் ஊர்க் கணக்கில் ஒரு விவசாயி குறைவார். கணக்கெடுப்பாளரிடம் அவர் செய்யும் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.