பழைய செயின்சோவுக்கு உயிர் கொடுக்கும் முன்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பக்கத் தோட்டங்களில் பழைய செயின்சோ ஒன்று கண்ணில் படுவது அபூர்வமல்ல. தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டும். நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்ட சவுக்கு, டர்பன்டைன் மரங்கள் காலத்துக்குக் காலம் வெட்டப்படுகின்றன. அந்த வேலையில் தேய்ந்துபோன மெஷின்கள் கடைசியில் பழைய இரும்புக் கடைக்கோ, யாருடைய கட்டிலுக்கு அடியிலோ போய்ச் சேர்கின்றன. 2022இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியபோது புதிய மெஷினும் உதிரிப்பாகமும் சம்பளக்காரரின் கைக்கு எட்டாமல் போயின. பழையதைப் பிரித்துப் பூட்டிச் சீராக்கும் ஆர்வம் வளர இதுவும் ஒரு காரணம். முச்சக்கரவண்டி பழுதுபார்த்த கைக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் புதிதல்ல. மதிக்கத்தக்க கைத்தொழில் அறிவு இது. ஆனால் செயின்சோ மற்ற எஞ்சின்களைப் போன்றதல்ல. அதை வைத்திருப்பதற்கு ஒரு சட்டம், அதைக்கொண்டு மரத்தைத் தொடுவதற்கு இன்னொரு சட்டம், அது கையை அறுத்தால் நட்டஈட்டுக்கு வேறொரு சட்டம் என்று மூன்று அடுக்குகள் உள்ளன.

முதலாவது பதிவு. காடழிப்பைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 2019இன் தொடக்கத்தில் அரசாங்கம் செயின்சோ உரிமையாளர்கள் எல்லோரும் தங்கள் மெஷினை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவித்தது. பெப்ரவரி 28 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டது. ஓடாத மெஷின்தானே என்று நினைத்து அன்று பதிவு செய்யாமல் விட்டால், அதே மெஷின் பின்னர் ஓடத் தொடங்கும்போது சிக்கலும் கூடவே தொடங்குகிறது. ஆகவே வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும். மெஷின் உடலில் பொறித்த இலக்கம் சான்றில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சான்று இல்லையென்றால், பணம் கைமாறும் முன் பொலிஸ் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ விசாரித்துக்கொள்வதே முறை. இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் அந்த மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

தோட்டத்திலிருந்து வெளியே வந்த மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தோட்டக் களஞ்சியத்தில் கிடந்த பொருள், உடைந்து கிடந்தாலும், கம்பனியின் சொத்து. துரை அலுவலகத்தின் எழுத்து மூல அனுமதியோ விற்பனைப் பற்றுச்சீட்டோ இல்லாமல் காவலாளியோ ஸ்டோர்காரரோ விற்றதை வாங்கினால், திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றச்சாட்டு தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வாங்கியவர் மீதே திரும்பக்கூடும். ஒரு தாள் பற்றுச்சீட்டில் பெயர், திகதி, மெஷின் இலக்கம், விலை, கையொப்பம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும்.

அடுத்தது வேலை செய்யும் இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகமும் ஒன்றாக இருக்கின்றன. அங்கே காபரேட்டரைப் பெற்றோலில் கழுவுவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசை முழுவதும் எரிவதை மலையகம் பலமுறை கண்டிருக்கிறது. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. தலை சுற்றும்போது எழுந்து வெளியே போகும் தெம்பு இருக்காது. பழைய மெஷின்களின் உடல் பெரும்பாலும் மக்னீசியம் கலந்த உலோகம். அதை அரைக்கும்போது பறக்கும் தூள் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணலைத்தான் போட வேண்டும். கழிவு எண்ணெயைக் கானில் ஊற்றினால் அது ஓடை வழியே பதுளு ஓயாவுக்கும் அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. அதே கழிவு எஞ்சின் எண்ணெயை செயினுக்கு விடும் பழக்கமும் உண்டு. அதில் உலோகத் துகளும் புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்களும் இருக்கின்றன. செயின் சுழலும்போது அது தூவலாகப் பறந்து தோலிலும் மூச்சிலும் படிகிறது.

எஞ்சினைச் சீராக்குவதில் அதிகம் பேர் ஏமாறுவது களவாக நுழையும் காற்றில்தான். பல வருடம் கிடந்த மெஷினில் கிராங் சீல் இறப்பர் கல்லாகிவிடும். பெற்றோல் குழாய் வெடித்திருக்கும், காபரேட்டர் டயப்ரம் விறைத்திருக்கும். புது டயப்ரம் போட்டதும் எஞ்சின் உறுமும். வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் சீல் வழியாகக் காற்று உள்ளே போனால் எரிபொருள் கலவை மெலிந்து, அதோடு மசகும் குறைந்து, சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். அக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நின்றால் அது காற்றுக் கசிவின் அடையாளம். ஸ்குரூவைத் திருகி அதை மறைக்கப் பார்க்காமல் சீலை மாற்ற வேண்டும். நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது இன்றைய மெஷின்களுக்கான பொதுவான அளவு. பழையவற்றுக்கு அந்தந்த மொடலின் கையேடு சொல்லும் அளவே சரி.

எஞ்சின் உயிர் பெற்றதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உயிரைக் காக்கும் பாகங்கள் எஞ்சினுக்கு வெளியே இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். செயின் பிரேக் 1970களில்தான் பரவலாக வந்தது. ஆசிய நாடுகளில் மரம் அரிவோரிடையே பெயர்பெற்ற ஸ்டில் 070 மொடல் சுமார் 105 சீசீ எஞ்சின் கொள்ளளவு உள்ளது. அதில் அந்த பிரேக்கும் இல்லை, அதிர்வைத் தாங்கும் இறப்பரும் இல்லை. செயின் சுற்றும் பாரின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், அரிபவர் கண்ணிமைக்கும் முன் வாள் எகிறி முகத்துக்கு வரும். அப்போது செயினை நிறுத்தக்கூடியது பிரேக் மட்டுமே. பிரேக் உள்ள மெஷினில் எஞ்சினை நிறுத்திவிட்டு முன் காப்பை முன்னோக்கித் தள்ள வேண்டும். ‘டக்’ என்று விழ வேண்டும்; கையுறை போட்ட கையால் இழுத்தாலும் செயின் அசையக்கூடாது. பிறகு காப்பைப் பின்னால் இழுத்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட விட வேண்டும். அப்போது செயின் சுற்றக்கூடாது. நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்யாமல் சோக்கை இழுத்து நிறுத்தும் பழக்கத்தை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. பிரேக்கே இல்லாத மொடலைச் சேகரிப்பாகத் துடைத்து அழகாக வைத்திருக்கலாம். வேலைக்கு எடுப்பது உயிரோடு விளையாடுவது.

அதிர்வு மெதுவாகத் தாக்கும் எதிரி. நாள்தோறும் மெஷினைப் பிடிப்பவரின் விரல் நுனிகள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும். அப்புத்தளைப் பக்கத்துக் காலைக் குளிரில் அது சீக்கிரம் தெரியும். இந்த நரம்புச் சேதம் முற்றினால் பின்னர் முழுதாகச் சரிவராது. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பு இல்லாமல் பரிசோதனைக்குக்கூட ஓட்டக்கூடாது.

போலி உதிரிப்பாகங்கள் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சாபம். பெயர்பெற்ற கம்பனியின் பெட்டியில் பெயரற்ற பிஸ்டன் வருகிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமுடையது. அதன் கீழ், தரக்குறைவான பொருளோ சேவையோ பெற்றவர் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாடு பெரும்பாலும் அங்கேயே தளர்ந்துவிடும். எனவே கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

மெஷின் பதிவானதாலேயே மரம் வெட்டும் உரிமை வந்துவிடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டத் தடை விதிக்கிறது. அனுமதிக்குக் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலாளரை அணுக வேண்டும். மரத்தை ஏற்றிப் போகவும் பல வகைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். தோட்டத்தில் உள்ள மரம், லய வாசலில் நின்றாலும், குடியிருப்பவருடையது அல்ல. காம்பராவுக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரம் பற்றித் தோட்ட முகாமையாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைத் திகதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். உடனடி ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தது இதே பதுளை மாவட்டத்தில்தான். சரிவில் நிற்கும் மரத்தின் வேரும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதால், தெரிந்த ஒருவர் கேட்டார் என்று மெஷினைத் தூக்கிப் போவது நட்பில் சேராது.

காயம் பட்டால் கோப்பித்தூளை அப்பக்கூடாது. சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும், அது இலவசம். தோட்டத்துக்கோ மர ஒப்பந்தக்காரருக்கோ வேலை செய்யும்போது நடந்த விபத்து என்றால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். 2022 திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொழில்தருநருக்கு உடனே எழுத்தில் அறிவித்தல், வைத்தியசாலைச் சீட்டைப் பத்திரப்படுத்தல், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் காலம் தாழ்த்தாமல் விண்ணப்பித்தல் ஆகிய மூன்றும் நழுவவிடக்கூடாதவை. வீட்டில் பொழுதுபோக்காக வேலை செய்தபோது பட்ட காயத்துக்கு இந்த நட்டஈடு கிடையாது. பிரேக்கையும் காப்பையும் முதலில் சீராக்க இதுவும் ஒரு காரணம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தை நாடலாம்.

பதிவோ முறைப்பாடோ வாக்குமூலமோ எதுவானாலும் மொழி தடையாக இருக்கக்கூடாது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999இல் சிங்களமும் தமிழும் வழங்கும் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. வாசித்து விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பம் இடாமல், தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.