ஏலத்துக்கு வரும் வீடு: விலை மலிவுதான், சாவி யாரிடம்?

கல்யாண் லோக்கலில் காலையில் பத்திரிகையை விரிப்பவர்கள் அந்த விளம்பரங்களைப் பார்த்து இருப்பார்கள். கட்டம் கட்டி, பொடி எழுத்தில், பக்கம் நிறைய வரும். கடன் வாங்கியவர் பெயர், வீட்டு விலாசம், பாக்கித் தொகை, ஏலத் தேதி. கிரிக்கெட் செய்தியைத் தேடும் அவசரத்தில் பலர் புரட்டி விடுவார்கள்.

சிலர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காரணம், விலை!

டோம்பிவிலியில் ஒரு பிளாட், ஏலம் தொடங்கும் விலை ரூ.30 லட்சம் என்று விளம்பரம் வந்து இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதே கட்டிடத்தில் அதே அளவு பிளாட்டுக்குப் புரோக்கர் ரூ.38 லட்சம் சொல்கிறார். தாராவியில் ஒரே அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர், ஊரில் இருந்த துண்டு நிலத்தையும் விற்றுப் பணம் வைத்து இருப்பவர், இந்த ரூ.8 லட்சத்தை எப்படி விட்டுவிடுவார்? மகள் கல்யாணமே அதில் முடிந்து விடுமே!

வாங்கலாமா? வாங்கலாம். வாங்கிக் குடியேறி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. முழுப் பணத்தையும் கட்டிவிட்டுச் சாவிக்காகக் காத்துக் கிடப்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் படித்தது ஒரே மாதிரி விளம்பரத்தைத்தான்.

வீட்டுக் கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நின்று போனால், பாங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்த்து விடும். அதன் பிறகு வேலை செய்வது 2002-ம் ஆண்டு வந்த "சர்பாசி" சட்டம். கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்புக்குக் காத்திராமல், அடமான வீட்டை எடுத்து விற்கப் பாங்கிக்கு அதிகாரம் கொடுத்தது அந்தச் சட்டம்தான்.

முதலில் கடன்காரருக்கு 60 நாள் நோட்டீசு. பணம் வராவிட்டால், வீட்டைக் கைவசப்படுத்தியதாக அறிவிப்பு. அதை இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். ஒன்று அந்த வட்டார மொழிப் பத்திரிகை. பிறகு ஏலம். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு. விலை போகாமல் மறு ஏலம் வந்தால் 15 நாள் போதும். பொதுத்துறைப் பாங்கிகள் விற்கும் வீடுகளை "பாங்க்நெட்" என்ற இணையதளத்திலும் பார்க்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கியது. ஏலம் கேட்பதும் இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது.

உள்ளே யார்?

இங்கேதான் விளம்பரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். கைவசம் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. கதவில் நோட்டீசு ஒட்டி, காகிதத்தில் மட்டும் எடுத்துக் கொள்வது ஒன்று. ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வைத்து இருப்பது இன்னொன்று. காகிதக் கைவசத்தோடும் பாங்கி ஏலம் விடலாம். வாங்குகிறவர் கதவைத் தட்டினால் பழைய சொந்தக்காரரே குழந்தை குட்டிகளோடு வந்து திறப்பார்!

மராத்தி விளம்பரம் பார்ப்பவர்கள் சில வார்த்தைகளைத் தெரிந்து வைத்துக் கொண்டால் போதும். "லிலாவ்" என்றால் ஏலம். "தாபா" என்றால் கைவசம். "பிரத்யக்ஷ தாபா" என்று இருந்தால் வீடு பாங்கியின் கையில் இருக்கிறது. "சாங்கேதிக் தாபா" அல்லது "பிரதீகாத்மக் தாபா" என்று இருந்தால் வெறும் காகிதம். விலை மலிவாக இருப்பதன் ரகசியம் பல சமயம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

குடியிருப்பவரை வெளியேற்ற, மும்பை நகருக்குள் என்றால் பாங்கி தலைமை மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். தானே மாவட்டம் என்றால் கலெக்டரிடம் மனு. 30 நாளில், அதிகம் போனால் 60 நாளில் உத்தரவு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உத்தரவு வந்த பிறகும் அதிகாரி வர வேண்டும், போலீஸ் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும். நடைமுறையில் மாதக் கணக்காகும்.

வாடகைக்காரர் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் முறையாகக் குடி இருப்பவரை "சர்பாசி" சட்டத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதனால், வீட்டைப் பார்வையிட விளம்பரத்தில் குறித்த நாளில் கண்டிப்பாகப் போக வேண்டும். சுவரைப் பார்ப்பதை விடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது முக்கியம். அங்கே பத்து நிமிடத்தில் தெரியும் விஷயம் பாங்கிக் கிளையில் பத்து நாள் அலைந்தாலும் தெரியாது.

15 நாள் கெடு

அடுத்தது பணம். ரூ.30 லட்சம் வீட்டுக்குச் சாதாரணமாக 10 சதவீதம், அதாவது ரூ.3 லட்சம் முன்பணம் கட்டினால்தான் ஏலம் கேட்கலாம். கேட்டது கிடைக்காவிட்டால் திரும்பி வந்து விடும்.

ரூ.32 லட்சத்துக்கு ஏலம் உங்களுக்கு விழுந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், 25 சதவீதம் கட்ட வேண்டும். முன்பணம் போக இன்னும் ரூ.5 லட்சம். ஏலம் உறுதியான 15 நாளில் மீதி ரூ.24 லட்சம்! பாங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் மூன்று மாதம் வரை கெடு நீளலாம். சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"கடன் போட்டுக் கட்டி விடலாம்" என்று நினைத்துக் கையை உயர்த்துபவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள். காகிதக் கைவசத்தில் உள்ள வீட்டுக்கு இன்னொரு பாங்கி 15 நாளில் கடன் கொடுத்து விடுமா? பிராவிடண்ட் பண்டு பணமும் கேட்ட அன்றே வந்து விடாது.

கெடு தவறினால் கட்டிய 25 சதவீதமும் பறிமுதல். தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. மறு ஏலத்தில் பாங்கிக்கு முன்பைவிட அதிக விலை கிடைத்து இருந்தும், முதலில் எடுத்தவருக்கு அவர் கட்டிய பணம் திரும்பவில்லை. நம் கணக்கில் அது ரூ.8 லட்சம். மிச்சம் பிடிக்க நினைத்த அதே தொகை!

விளம்பரத்தின் அடியில், "எங்கே எப்படி இருக்கிறதோ, என்ன இருக்கிறதோ, அப்படியே விற்கப்படும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சொசைட்டி பராமரிப்புப் பாக்கி, மின்சாரப் பாக்கி, வீட்டு வரி எல்லாம் அந்த வரிக்குள் அடக்கம். பழைய மின்சாரப் பாக்கியைப் புதிய சொந்தக்காரரிடம் வசூலிக்க விதிகளில் இடம் இருந்தால் வசூலிக்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. ஆகவே சொசைட்டி செயலாளரைப் பார்த்துப் பாக்கிக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கம் தேட ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. "பாங்கியில் நமக்கு ஆள் இருக்கிறது, கொஞ்சம் ரொக்கம் கொடுங்கள்" என்று வரும் புரோக்கருக்குக் கொடுக்கும் பணம்தான் வீண். முன்பணம் விளம்பரத்தில் சொன்ன வழியில் மட்டுமே போக வேண்டும்.

வீட்டை இழப்பவரையும் நினைக்காமல் இருக்க முடியாது. வேலை போய், ஆஸ்பத்திரிச் செலவு வந்து, தவணை நின்று போனவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஏலத்துக்குப் பிறகு கூடப் பணத்தோடு ஓடி வந்து வீட்டை மீட்க வழி இருந்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழு பாக்கியையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை. ஏலத்தொகையை விட அதிகம் தருவதாகக் கடன்காரர் வந்தும் செல்லாது என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. நோட்டீசை அலமாரியில் மறைத்து வைப்பவர்கள் இழப்பது அந்த நாட்களைத்தான். பாங்கியின் நடவடிக்கையில் தவறு இருந்தால், கைவசம் எடுத்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மிஞ்சியது அவருக்குத்தான் சேர வேண்டும். கேட்டு வாங்காமல் விட்டு விடக் கூடாது.

அப்படி வழக்கு நிலுவையில் இருந்தால் வாங்குகிறவர் பணமும் அதோடு சேர்ந்து மாட்டிக் கொள்ளும். ஏலத்தன்று காலையில் தடை உத்தரவு வருவதும் உண்டு. வழக்கு இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே பாங்கி அதிகாரியிடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது.

முழுப் பணமும் கட்டிய பிறகு பாங்கி அதிகாரி விற்பனைச் சான்றிதழ் கொடுப்பார். முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு வாங்குகிறவர் பொறுப்பு. அதையும் ரூ.32 லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். சான்றிதழைப் பதிவு செய்து, சொசைட்டியில் பங்குப் பத்திரத்தைப் பெயர் மாற்றி, மின்சார மீட்டரையும் மாற்றியாக வேண்டும். ரேஷன் கார்டில் புது விலாசம் ஏறுவது அதற்குப் பிறகுதான்.