பழைய கார் வழியில் கொதிப்பது எப்படி?

கல்முனையிலிருந்து அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும்போது மகியங்கனை வரை பெரிய ஏற்றமில்லை. அதற்குப் பிறகுதான் பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற மலைப் பாதை. மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் ஓடும்போது ஒரு குறையும் காட்டாத பழைய கார், அங்கே கொதித்து நின்றுவிடும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை இருந்த காரையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று.

கார் ஏன் கொதிக்கிறது என்பதை அடுப்படியில் இருக்கும் பிரஷர் குக்கரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

மூடிக்குள் நடப்பது

திறந்த சட்டியில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். குக்கரில் ஆவி வெளியேற வழியில்லாததால் அழுத்தம் கூடி, தண்ணீர் 120 பாகை வரை சூடேறும். மாட்டிறைச்சி சீக்கிரம் வேகுவது அதனால்தான். ரேடியேட்டர் மூடிக்கும் அதே வேலை. அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அத்தனை பார் அழுத்தத்தை அது அடக்கிவைக்கும். அதற்கு மேல் போனால், குக்கர் வெயிட் எழும்புவதுபோல உள்ளே ஸ்பிரிங் அமுங்கி, தண்ணீரைப் பக்கத்துப் போத்தலுக்கு விடும். எஞ்சின் ஆறியதும் அந்தத் தண்ணீர் திரும்ப உள்ளே இழுபடும்.

பழசானால்

குக்கரின் ரப்பர் வளையம் காய்ந்தால் ஆவி கசியும், அழுத்தம் நிற்காது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் அப்படித்தான். அது வெடித்திருந்தால், 105 பாகையிலும் கொதிக்காமல் இருக்க வேண்டிய தண்ணீர் 100க்கே கொதித்துவிடும். கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால், குக்கரின் அடியில் படிகிற அதே வெள்ளை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். ஊருக்குள் மெதுவாக ஓடும்போது இது தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாக உழைத்துச் சூட்டைக் கொட்டும்போதுதான் வெளிப்படும்.

வழியில் செய்ய வேண்டியது

சூட்டு ஊசி வழக்கமான இடத்தைத் தாண்டியதுமே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் போடுங்கள். அது எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். ஊசி இறங்காவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

விசில் அடிக்கிற குக்கரை யாரும் உடனே திறப்பதில்லை. ரேடியேட்டரையும் திறக்காதீர்கள். அழுத்தம் விட்டதும் உள்ளிருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற வரை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், காத்திருங்கள். பிறகு தடித்த துணியால் மூடியைப் பிடித்து, முதல் தடுப்பு வரை மட்டும் திருப்புங்கள். சீறல் அடங்கியபின் முழுதாகத் திறந்து, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அதன் ஹெட் வெடிக்கலாம்.

எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருந்தால் ஹெட் கேஸ்கட் போய், தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கக்கூடும். அப்படியானால் காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கட்டி இழுத்துத்தான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹெட் வேலைக்குப் போகும் பணத்தோடு பார்த்தால் ஒரு ரேடியேட்டர் மூடியின் விலை ஒன்றுமேயில்லை. தூரப் பயணம் புறப்படும் நாளில், சுபஹு தொழுதுவிட்டு வந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போதே அந்த மூடியைக் கழற்றி ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்புத் தட்டுப்பட்டால் புது மூடி போட்ட பிறகே பயணம் புறப்படுங்கள்.