ஒரு லஸ் பாஸ் பண்ணுங்க

தென்காசியிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் என் அக்கா மகனுக்கு அது சென்னையில் முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, இந்த ஊர்ல மரியாதைங்கிற சாமானே கிடையாது. பஸ்ல எனக்கு முன்னால நின்ன ஆளு, திரும்பிக்கூடப் பாக்காம கையைப் பின்னால நீட்டுதாரு. கையில நூறு ரூவா. 'லஸ்'னு ஒத்த வார்த்தை. அவ்வளவுதான்."

"நீ என்ன செஞ்ச?"

"எனக்கு எதுக்குத் தாராருன்னே புரியல. வாங்கி வச்சுக்கிட்டேன். ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் 'டிக்கெட் எங்கப்பா'ன்னு சத்தம் போடுதாரு. பெறவு கண்டக்டர்ட்ட கொண்டுபோய்க் குடுத்தா, அவரு 'சில்லறையா குடுக்கத் தெரியாதா'ன்னு என்னைய ஏசுதாரு. அது என் ரூவாயா மாமா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் சிரித்ததில் டம்ளர் தளும்பியது. நான் சிரிக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் நானும் இப்படித்தான் ஒரு ரெண்டு ரூபாய்த் தாளைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

நம் பக்கத்து பஸ்ஸில் கண்டக்டர் நம்மிடம் வருவார். தோல்பையை முன்னால் தள்ளிக்கொண்டு, விரலிடுக்கில் ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொண்டு, எத்தனை நெரிசலிலும் நுழைந்து வருவார். நாம் உட்கார்ந்த இடத்திலேயே டிக்கெட் வாங்கலாம். சென்னையில் அப்படி இல்லை. கூட்ட நேரத்தில் அவர் பின்படிக்கட்டை ஒட்டிய தன் இருக்கையை விட்டு எழுந்தால் திரும்பி வந்து சேர முடியாது. அதனால் காசுதான் அவரைத் தேடிப் போக வேண்டும். முன்படியில் தொற்றி ஏறியவரின் இருபது ரூபாய், பத்துப் பதினைந்து கைகள் மாறிக் கடைசி வரிசைக்குப் போகும். ரூபாயோடு ஊர்ப்பெயரும் போகும். 'ஒரு லஸ்', 'ரெண்டு அடையாறு' என்று கை மாறும்போதெல்லாம் ஒருவர் சொல்ல, அடுத்தவர் திருப்பிச் சொல்லுவார். பிறகு டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் அதே கைகள் வழியாக முன்னால் வரும். யார் கொடுத்தது என்று எல்லோருக்கும் எப்படியோ நினைவிருக்கும்.

"வழியில யாரும் எடுத்துக்க மாட்டாங்களா?" என்றான்.

அதுதான் எனக்கும் இன்றுவரை ஆச்சரியம். அதே பஸ்ஸில்தான் பர்ஸ் அடிப்பவனும் நிற்கிறான். உன் பின்பாக்கெட்டில் கை விடத் தயங்காதவன், உன் டிக்கெட் காசு கைக்கு வந்தால் ஒழுங்காகப் பின்னால் அனுப்பிவிடுவான். பாக்கெட்டில் இருப்பது உன் காசு. கைமாறிக்கொண்டிருப்பது பஸ்ஸின் காசு. அதைத் தொட்டால் தொலைந்தோம் என்று அவனுக்குத் தெரியும்.

இதில் தர்ம சிந்தனை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதே என்றேன். கட்டணம் ஸ்டேஜ் கணக்கில். ஒரு ஸ்டேஜ் முடிவதற்குள் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தாக வேண்டும்; டிக்கெட் மெஷின் வரும் முன் கடைசி டிக்கெட் எண்ணைத் தாளில் குறிக்கவும் வேண்டியிருந்தது. முடியவில்லை என்றால் கண்டக்டர் ஒற்றை விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டிவிடுவார். கணக்கு முடிந்து ரெட்டை விசில் கேட்டால்தான் வண்டி நகரும். வெயிலில் நின்றுகொண்டிருக்கும் அறுபது பேருக்கும் ஆபீஸ் நேரமாகிறது. ஒரு மனிதர் காசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் அத்தனை பேருக்கும் தாமதம். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களிலிருந்து அவர்கள் பேரன்வரை யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைக் கற்றுக்கொண்டது அவசரத்தால்தான்.

"இருக்கட்டும் மாமா. ஒரு 'கொஞ்சம் குடுத்துருங்க'ன்னு சொல்லக்கூடாதா? வாங்கினபெறவு ஒரு தேங்க்ஸ்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. பஸ்ஸில் 'நன்றி' என்று தமிழில் சொல்லிப் பார், மேடையில் பொன்னாடை வாங்கியவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். 'தேங்க்ஸ்' ஆபீஸ் வாசனை உள்ளது. ஐடி கம்பெனி அடையாள அட்டை தொங்கும் கழுத்துகளிலிருந்து வரும். மற்றவர்களுக்கு ஒரு தலையாட்டல் போதும். நம் ஆட்கள் மரியாதையை வாயால் செய்வதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு பஸ் ஏறினால் எல்லோரும் முரடர்களாகத்தான் தெரிவார்கள். கையைப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் கால் இன்னொருவர் மேல் பட்டுவிடுகிறது. 'மன்னிச்சுக்கோங்க' எல்லாம் கிடையாது. சட்டென்று அவரைத் தொட்டு, விரலைக் கண்ணிலோ நெஞ்சிலோ ஒற்றிக்கொள்வார். மிதிபட்டவரும் 'பரவால்ல' என்று கையைத்தான் அசைப்பார். தோளில் கனமான பையோடு ஒரு பெண் நிற்கிறாள். உட்கார்ந்திருக்கும் அம்மா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி, பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். சாப்பாட்டுப் பையாக இருந்தால் சாய்ந்து ரசம் கொட்டிவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வாள். குழந்தையையும் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். பெற்றவளும் முகம் தெரியாத ஒருத்தி மடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வேறு எந்த இடத்தில் கொடுப்பாள்?

வாய்க்கு வேலை இருக்கும் ஒரே இடம், கூப்பிடுவது. அங்கேதான் நுணுக்கம். ஆணைத் தோளில் தட்டலாம். பெண்ணைத் தட்டக்கூடாது, முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். 'அக்கா' என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. 'அம்மா' என்பதில் வயது கொஞ்சம் யோசிக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்காரியை 'ஆன்டி' என்று ஒரு கல்லூரிப் பையன் கூப்பிட்டு, அவன் காசு மூன்று ஸ்டாப் வரை அவளைத் தாண்டாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, 'யாருடா பாட்டி?' என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் 'தம்பி, கொஞ்சம் பாஸ் பண்ணு' என்று யாராவது சொன்னால் எனக்கு அன்று முழுக்க உற்சாகம்தான்.

இரண்டாவது டீ வந்தது. அவனுக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

"அப்போ படியில தொங்குதவங்க? உள்ள காலியா கிடக்கு, ஆனா ஒருத்தனும் உள்ள போகமாட்டேங்கான். இதுல எந்தக் கையைப் பாக்கணும்?"

இதில் சப்பைக்கட்டு கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏன் என்று சொல்ல முடியும். உள்ளே போனவன் தன் ஸ்டாப்பில் வெளியே வர முடியாது. வாசலில் நிற்பவர்கள் வழிவிட மாட்டார்கள். அதனால் அவனும் அடுத்த நாள் வாசலிலேயே நின்றுகொள்கிறான். இப்படித்தான் நடு பஸ் காலியாகவும் படிக்கட்டு பிதுங்கியும் போகிறது. கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று தொண்டை கிழியக் கத்துவது, உள்ளே போனால் இறங்கவிடுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாதவர்களிடம். 'இறங்குறீங்களா?' என்று முன்னால் நிற்பவரைக் கேட்டு, அவர் 'இல்ல' என்றால் உடம்பை ஒருக்களித்து இடம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் நன்றாகவே இருந்தது. இப்போது கேட்கப்படுபவரின் காதில் இயர்போன்.

மின்ரயிலில் இது உயிர்ப் பிரச்சினை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931இலிருந்து மின்ரயில் ஓடுகிறது. கதவு மூடாத பெட்டியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பது இந்த ஊருக்குப் பரம்பரைப் பழக்கம். 2018 ஜூலை 24 காலையில், மின்கம்பி அறுந்து வழக்கமான பாதை தடைபட, ரயிலை விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டித் தடுப்புச் சுவர். வாசலில் தொங்கியவர்கள் அதில் மோதி இறந்தார்கள். அன்று அத்தனை பேரும் வீம்புக்குத் தொங்கியவர்கள் இல்லை. வேலைக்குப் போகக் கிடைத்த வண்டியில் கிடைத்த இடத்தைப் பிடித்தவர்களும் இருந்தார்கள். அதை நினைத்தால் 'படியில் தொங்கும் பயல்கள்' என்று பொத்தாம்பொதுவாகத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. காலியான பஸ்ஸில் பெண்கள் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் தொங்கி, செருப்பைத் தரையில் தேய்த்துத் தீப்பொறி கிளப்புகிறவனைத் தாராளமாகத் திட்டலாம்.

மின்ரயிலில் இன்னொரு வேடிக்கை உண்டு. வருடக்கணக்காக ஒரே வண்டி, ஒரே பெட்டி, சீசன் டிக்கெட் சிநேகிதம். ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பெட்டியே கிளம்பிப் போகும். பெண்கள் பெட்டியில் பூத் தொடுப்பார்கள், கீரை ஆய்வார்கள், ஒரு டப்பா சுண்டல் எட்டு பேர் கைக்குப் போகும். ஆனால் புதிதாக ஏறிய ஒருத்தி காலி இடத்தில் உட்காரப் போனால் 'ஆள் வருது' என்று கைப்பையை வைத்து மறைப்பதும் அதே கூட்டம்தான். ஆள் நாலு ஸ்டேஷன் கழித்து ஏறும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதும் இந்த வகைதான். துண்டுக்கு இருக்கிற உரிமை, நிற்கிற மனிதருக்கு இருக்காது.

சென்னை பஸ்ஸில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. காசு இல்லாவிட்டாலும் பூச்சியத் தொகைக்கு ஒரு டிக்கெட் உண்டு. அதுவும் கைமாறித்தான் வருகிறது. இதன் பிறகு வந்த கெட்ட வார்த்தை 'ஓசி'. அந்தக் காலத்தில் கம்பெனிக் கடிதங்களில் தபால் தலை வேண்டாம் என்று போடப்பட்ட 'ஓ.சி.' முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவள் காதில் அது எப்படி விழும்? அவள் பயணத்துக்கான பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. அந்த அரசுக்கு, அவள் வாங்கும் சோப்பிலிருந்து தீப்பெட்டிவரை வரி போகிறது. 'ஓசி' என்று முனகும் ஆண்களில் பலர் மகளிர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தூங்குவது போலக் கண்ணை மூடியிருப்பார்கள். உண்மையாகத் தூங்குகிறவன் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்வான். இவன் தலை நேராக நிற்கும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

"மெட்ரோல இதெல்லாம் இல்ல மாமா. சுத்தமா, அமைதியா இருக்கு."

உண்மை. 2015இல் கோயம்பேடு–ஆலந்தூர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே நம் ஆட்களே வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். எச்சில் துப்புவதில்லை, இரைந்து பேசுவதில்லை. ஆனால் கவனித்துப் பார். அங்கே யாருக்கும் யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை. வாசலில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. எழுந்து இடம் கொடுங்கள் என்று சொல்லக்கூட ஒரு பதிவு செய்த குரல் இருக்கிறது. மெட்ரோவில் எனக்குப் பிடிக்காதது என்று ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பக்கத்தில் நின்ற ஒரு முகமும் எனக்கு நினைவில் நின்றதில்லை.

பஸ்ஸிலும் காலம் மாறுகிறது. கண்டக்டர் கையில் இப்போது டிக்கெட் மெஷின். போனைக் காட்டிப் பணம் கட்டலாம். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். ஐந்நூறு ரூபாயைப் பதினைந்து பேர் கையில் நம்பிக் கொடுக்கிறவன் போனைக் கொடுக்க மாட்டான். அதனால் அவனே கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர்வரை போகிறான், முதுகில் லேப்டாப் பையோடு. அந்தப் பை திரும்பும்போதெல்லாம் ஒரு முகத்தில் இடிக்கிறது. கழற்றிக் காலடியில் வைக்கவோ மடியில் கொடுக்கவோ அவனுக்குத் தோன்றுவதில்லை. அதில் லட்ச ரூபாய்ச் சாமான் இருக்கிறது, பாவம்.

அப்புறம் அந்த போன் சத்தம். பக்கத்தில் ஒருவர் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே வருகிறார். பத்து நொடிக்கு ஒரு சிரிப்பு, ஒரு பாட்டு, ஒரு அழுகை. இதை எப்படி நிறுத்தச் சொல்வது என்று நமக்கு இன்னும் வார்த்தை அமையவில்லை. நான் வந்த புதிதில் பஸ்ஸுக்குள் பீடி குடிப்பவர்கள் இருந்தார்கள், 'புகை பிடிக்காதீர்' பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து. தமிழ்நாட்டில் புகைபிடிப்பதற்கும் துப்புவதற்கும் எதிரான சட்டம் 2002இல் வந்தது. பிறகு நாடு முழுக்கப் பொது இடத்தில் தடை, 2008இல். சட்டத்துக்கு முன்பே, 'ஏங்க, அணைங்க' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லத் துணிந்திருந்தார் என்பது என் ஞாபகம். துப்புவது மட்டும் போகவில்லை. ஓடும் பஸ் ஜன்னலுக்குப் பின்னால் டூவீலரில் வருகிறவனைக் கேட்டால் சொல்லுவான்.

"என்ன மாமா, கடைசில நான் சொன்ன இடத்துக்கே வந்துட்டீங்க," என்றான் மருமகன்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம். பஸ் வந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு அத்தனை கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. நான் பின்படியில் ஏறி கண்டக்டர் பக்கத்தில் ஒடுங்கினேன். அவன் முன்படியில் தொற்றிக்கொண்டான். இரண்டு நிமிடம் போயிருக்கும், முழங்கையில் ஓர் இடி. திரும்பினால் மடித்த நூறு ரூபாய்த் தாள்.

"ரெண்டு லஸ்ஸாம். பின்னாடி மாமாவுக்கும் சேர்த்தாம்," என்றார் நீட்டியவர். "மாமா யாருன்னு தெரியல."

வாங்கிக் கண்டக்டரிடம் கொடுத்தேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, உங்களுக்குமா சொல்லணும்? சில்லறையா குடுக்க மாட்டீங்களா?"