வேலை இருக்கிறது, படுக்க இடமில்லை

நள்ளிரவில் புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டை விரித்துப் படுத்திருப்பவரைப் பார்த்தால், வேலைக்குப் போகாதவர் என்றே பலரும் முடிவுகட்டிவிடுகிறோம். லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் இங் கோக் ஹோ, 480 தொண்டூழியர்களோடு சுமார் 12,000 புளோக்குகளைச் சுற்றி எடுத்த கணக்கு 2019-ல் வெளிவந்தது. சிங்கப்பூரில் வெளியே உறங்கியவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். பேட்டி கொடுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் துப்புரவு, பாதுகாவல் என்று ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எண்ணியபோது 530 பேர். இரவில் தங்கள் கதவைத் திறந்துவிட்ட சமய, சமூக அமைப்புகள் இந்தக் குறைவுக்குப் பெரிய உதவி செய்திருக்கின்றன.

வீடு எப்படிப் போகிறது? மணமுறிவு, கடன், நோய். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கிறார்கள். வந்த பங்கு கடனுக்குப் போய்விடுகிறது. விற்றவர் பொதுவாக 30 மாதங்களுக்கு வீவக வாடகை வீடு கேட்க முடியாது. வெளியே அறை எடுத்தால் துப்புரவாளர் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே சரியாகிவிடும். கொஞ்ச நாள் அக்காள் வீடு, அப்புறம் நண்பர் வீடு, அப்புறம் கீழ்த்தளம். விற்ற பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த 30 மாத விதி பொருந்தும். பிரிந்து வந்து வெறுங்கையோடு நிற்பவருக்கும் அதே கணக்கா? அவருக்கு விதியை விரைவாகத் தளர்த்த வேண்டும் என்பேன். நிலைமையை எழுதி வீவக-விடம் முறையிடலாம், கேட்காமல் திரும்பிவிடாதீர்கள்.

வாடகை வீடு கிடைத்தாலும் சிக்கல் முடிவதில்லை. தனியாள் என்றால் பெரும்பாலும் இன்னொரு தனியாளோடு ஓரறை வீட்டைப் பகிர வேண்டும். தனிப் படுக்கையறை கிடையாது. இரவு முழுக்கக் காவல் பார்த்தவர் காலையில் கண்ணயரும்போது, இரண்டடி தள்ளி மற்றவர் தொலைக்காட்சியைப் போடுவார். சண்டை வளர்கிறது. வீட்டுச் சாவி பையில் இருக்க, வெளியே போய்ப் படுத்தவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய வீவக முன்னோடித் திட்டத்தில், உடன் தங்குபவரைத் தேடும் பொறுப்பைச் சமூக அமைப்புகள் ஏற்றன. நடுவே தடுப்பும் வைத்தார்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்தத் தடுப்பு வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் மாத வாடகை தவறும்போதே பேசுங்கள். அரசின் உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000. அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். தேக்காப் பக்கம் இருப்பவர்களுக்கு பீட்டி ரோட்டில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது; தமிழிலேயே பேசலாம். இரண்டு, மூன்று மாதப் பாக்கி சேர்ந்தபின் போனால் வீட்டுக்காரரோடு பேசவும் இடம் இருக்காது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுவதால்தான் பல வீடுகள் போகின்றன.

லிட்டில் இந்தியாவில் நாம் பார்க்கும், வேலை அனுமதியில் வந்த நம் ஊர்த் தம்பிகளின் கதை வேறு. அவர்களுக்கு வீவக வாடகைத் திட்டம் இல்லை. படுக்கை முதலாளி தருவது. காயம்பட்டு முதலாளியோடு தகராறு வந்தால் வேலையும் படுக்கையும் சேர்ந்தே போகக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்காகவே, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் இந்த வட்டாரத்தில் இலவசச் சாப்பாடு போட்டு வருகிறது. ஊர் திரும்பும்வரை தங்குமிடமும் சாப்பாடும் முதலாளியின் சட்டப் பொறுப்பு. தங்குமிடத்தைவிட்டு அனுப்பினால், மூட்டையைக் கட்டுவதற்கு முன்பே மனிதவள அமைச்சிடம் புகார் கொடுக்க வேண்டும்.