லாரி ஏறி மலையிறங்கும் பொட்டாஷ்

ஊட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து 10 டன் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினால், ஏறத்தாழ 50 கிலோ பொட்டாஷ் என்னும் சாம்பல்சத்தும் கூடவே இறங்கிவிடுகிறது. உரக்கடைப் பொட்டாஷ் மூட்டை 50 கிலோ என்றாலும் அதிலுள்ள சத்து 30 கிலோதான். அதே எடைக் கேரட் லோடு 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுபோகும். முட்டைக்கோஸ் இதில் பாதிதான்.

உர விலை என்றாலே யூரியாதான் பேச்சு. பொட்டாஷோ கப்பலில் வருகிற சரக்கு. 2010-ல் மானிய முறை மாறியதிலிருந்து விலை ஏறத் தொடங்கி, 2022-ல் மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. 45 கிலோ யூரியா 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது கை எந்தப் பக்கம் போகும்? டிஏபியில் பொட்டாஷ் கிடையாது. 20-20 மூட்டையிலும் மூன்றாவது எண் பூஜ்யம்தான்.

நீலகிரியின் அமில மண்ணில் இருக்கும் களி இந்தச் சத்தை இறுக்கிப் பிடிக்கிற ரகமல்ல. நல்ல மழை அடித்தால் வேருக்குக் கீழே போய்விடும். அதனால்தான் உருளைக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ என்ற பரிந்துரையில் பாதியை அடியுரமாகவும் மீதியை மண் அணைக்கும்போதும் போடச் சொல்கிறார்கள். கேரட்டுக்கு 170 கிலோ. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று நிலம் ஓயாமல் பயிர் மாறுகிறது. உரக் கணக்கோ ஒவ்வொரு பயிரோடும் முடிந்துபோகிறது.

மண் பரிசோதனையில் ‘நடுத்தரம்’ என்றுதானே வருகிறது, பயமெதற்கு என்பவர்கள் உண்டு. அந்த நடுத்தரம் ஹெக்டேருக்கு 118 முதல் 280 கிலோ வரை நீள்கிறது. 270-ல் இருந்த நிலம் 130-க்குச் சரிந்தாலும் அட்டையில் அதே சொல்தான் அச்சாகும்!

எனக்குக் காயைவிடத் தழைதான் கவலை. கிடைத்தால் தேவைக்கு மேலும் பொட்டாஷை உறிஞ்சுவது பயிரின் குணம். உறிஞ்சியதில் கணிசமான பங்கு இலையிலும் தண்டிலும் இருக்கும். அது எந்தச் சேர்மத்திலும் கட்டுப்படாமல் சாற்றிலேயே கரைந்திருப்பதால், தழையை மடக்கி உழுதால் மழை பட்டதுமே மண்ணுக்குத் திரும்பிவிடும். ஆனால் கேரட் தழை மாட்டுக்கும், கோஸின் வெளியிலை சாலையோரத்துக்கும் போனால்? மாடு தின்றால் எருவாகத்தானே வரும் என்று சமாதானம் சொல்லலாம். தின்றதிலுள்ள பொட்டாஷில் பெரும்பங்கு சாணத்தில் அல்ல, மூத்திரத்தில் வெளியேறுகிறது. தொழுவத்துத் தரையில் வைக்கோலோ சருகோ பரப்பாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்கு. வேர்முடிச்சு நோய் கண்ட கோஸையும் கருகல் விழுந்த உருளைச் செடியையும் மட்டும் மடக்கக் கூடாது.

குத்தகை நிலத்தில் தழையை மடக்குவது இன்னும் சிக்கல். அடுத்த போகம் யார் கைக்குப் போகுமோ, அவருக்காக இவர் ஏன் தழையைப் புதைக்க வேண்டும்? ‘அறுவடைத் தழை நிலத்துக்கே’ என்று குத்தகைச் சீட்டில் எழுதி, அதற்கு ஈடாகக் குத்தகையில் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால் நிலக்காரருக்கு நஷ்டமில்லை. பொட்டாஷ் மூட்டை விற்கிற விலையில் அது லாபம்கூட.