உங்களுக்குத் தெரியுமா? தூரத்தைப் படம் பிடிக்கும் கேமரா

ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 செ.மீ. தூரம் ஓடிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர்மேல் பட்டுத் திரும்ப அதற்கு 7 நானோநொடிகூட ஆகாது. அந்தச் சிறு இடைவெளியைப் புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டு, நிறத்துக்குப் பதில் தூரத்தைப் பதிவு செய்பவைதான் ‘டைம் ஆஃப் ஃப்ளைட்’ கேமராக்கள்.

2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியோடு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் இந்த வகைதான். 512 × 424 புள்ளிகள், நொடிக்கு 30 படங்கள். 2017இல் தயாரிப்பு நின்றது, ஆர்வலர்கள் விடவில்லை. ‘லிப்ஃப்ரீநெக்ட்2’ என்ற திறந்தமூல மென்பொருளின் துணையோடு கணினியில் இணைத்து, வீட்டில் செய்த ரோபோவுக்கு அதைக் கண்ணாக்கினார்கள்.

இந்தக் கேமராவை வைத்துச் செய்பவற்றில் மிக அழகானது ஆளையே ஸ்கேன் செய்வது. சுழல் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து மெல்லச் சுற்றினால், முப்பரிமாண பிரிண்டரில் அச்சிட மார்பளவுச் சிலையின் வடிவம் கிடைத்துவிடும். தொல்லை கருங்கூந்தலில்தான். கேமரா அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடுவதால் உச்சந்தலையில் ஓட்டை விழும். பொருள்களை ஸ்கேன் செய்வோருக்குக் கறுப்பும் பளபளப்பும் இதே தலைவலி; லேசாக டால்கம் பவுடர் தூவிச் சமாளிக்கிறார்கள்.

ஒரு புள்ளியின் தூரம் போதும் என்றால், விரல் நகத்தைவிடச் சிறிய ‘விஎல்53எல்0எக்ஸ்’ சென்சார் 2 மீட்டர் வரை அளக்கும். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் நான்கு வயர்களால் இணைத்தால், கை அருகே வந்ததும் எரியும் விளக்கை ஒரே மாலையில் செய்துவிடலாம்.